பெருநாளுக்கு மறுநாள்...

பெருநாள் முடிஞ்சு நாலு நாள் இருக்கும். புதுச் சட்டை சலவைக்குப் போயாச்சு. ஃப்ரிட்ஜில் இருந்த மிச்ச பிரியாணியும் காலி. போன வாரம் வரைக்கும் விடியற்காலை நாலு மணிக்கு அலாரமே இல்லாமல் எழுந்த நீங்க, இன்னிக்கு எட்டேகாலுக்கு எழுந்து, பட்டனைப் போட்டுக்கிட்டே பஸ்ஸுக்கு ஓடியிருப்பீங்க. சுபுஹு தொழுகை போச்சு. ஓடும்போதே உள்ளுக்குள்ள ஒரு குரல்... 'அப்போ ஒரு மாசமா நீ பண்ணினதெல்லாம் சும்மா ஸீனா?'

இந்த வாரம் அந்தக் குரலைப் பத்தித்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு விஷயம். ரமலான்ல நீங்க தனியா ஓடலை. ஊரே சேர்ந்து உங்களைத் தூக்கிட்டு ஓடுச்சு. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம் நோன்பு நாட்கள்ல சாயங்காலம் பள்ளிவாசல் வழியா போனவங்களுக்குத் தெரியும். அஸர் தொழுகை முடிஞ்சதுமே தூக்குச்சட்டியோட கஞ்சிக்கு ஒரு வரிசை நிக்கும். அந்த வரிசையில எல்லா சாதி, மதத்துப் பிள்ளைகளும் இருக்கும். கஞ்சிக்குன்னே அரசாங்கம் வருஷா வருஷம் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்குது. வீட்டுச் சுவத்துல சஹர், இஃப்தார் நேரம் போட்ட அட்டை தொங்குது. அம்மா மூணரை மணிக்கே எழுந்து அடுப்பு பத்த வைக்கிறாங்க. ராத்திரி தராவீஹ் தொழுகைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வாசல்ல வந்து, 'டேய், வர்றியா இல்லையா'ன்னு கத்துறான். இத்தனை ஏற்பாடு இருந்தா யாரால எழுந்திரிக்காம இருக்க முடியும்?

ஷவ்வால் பிறை தெரிஞ்ச ராத்திரியே அத்தனையும் பேக்கப். அட்டையைக் கழட்டியாச்சு. கஞ்சி அண்டா பரணுக்குப் போயாச்சு. அம்மா பாவம், ஒரு மாசத் தூக்கத்தைத் தூங்குறாங்க. நீங்க மட்டும் தனியா நிக்கிறீங்க. அதனால, உங்க ஈமான் ஒரே ராத்திரியில காணாமப் போயிடுச்சுன்னு நினைக்க வேண்டாம். சுத்தி இருந்த ஏற்பாடுதான் போச்சு. ரெண்டும் வேற வேற.

'நான் நடிச்சேனா?'ங்கிற கேள்வி உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோட எழுத்தர்கள்ல ஒருத்தர் ஹன்ழலா (ரலி). ஒருநாள் அபூபக்ர் (ரலி) எதிர்ல வந்து எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்க, ஹன்ழலா சொன்ன பதில் என்ன தெரியுமா? தான் ஒரு நயவஞ்சகன் ஆயிட்டேன்னு. காரணம் கேட்டா, நபிகள் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணு முன்னாடி தெரியுது, வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், வேலைன்னு இறங்கிட்டா பாதி மறந்துடுதுன்னார். அபூபக்ருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா அவருக்கும் அப்படித்தான்! ரெண்டு பேரும் நேரா நபிகள்கிட்டயே போய்க் கேட்டாங்க. என்கிட்ட இருக்கிற அதே நிலையில எப்பவும் இருந்தீங்கன்னா வானவர்கள் தெருவுல வந்து உங்களோட கை குலுக்குவாங்க, ஆனா இதுக்கு ஒரு நேரம், அதுக்கு ஒரு நேரம் அப்படிங்கிற மாதிரி பதில் சொல்லி அனுப்பினாங்க. முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புல இருக்கிற சம்பவம் இது. அபூபக்ருக்கே அந்த ஏற்ற இறக்கம் இருந்ததுன்னா, பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம் படிக்கிற நாம எந்த மூலைக்கு?

சரி, இறங்கிட்டுப் போகட்டும்னு விட்டுடலாமா? அதுவும் இல்லை. இன்னொரு ஆளைப் பாருங்க. இவர் நம்ம வயசுக்காரர், அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி). செம ஆர்வம். தினமும் நோன்பு, ராத்திரி முழுக்கத் தொழுகை. விஷயம் நபிகள் காதுக்குப் போனது. உன் உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும்கூட உன் மேல உரிமை இருக்கு, மாசம் மூணு நோன்பு போதும்னு சொன்னாங்க. இவர் விடலை. என்னால இன்னும் முடியும், இன்னும் முடியும்னு பேரம் பேசி, கடைசியில ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்புங்கிற இடத்துல போய் நின்னார். வயசான பிறகு அவர் வருத்தப்பட்டது எதுக்குத் தெரியுமா? அன்னிக்கே அந்தச் சலுகையை வாங்கியிருக்கலாமேன்னு! ஆனா ஒத்துக்கிட்டதை அவர் விடலை. இவர்கிட்டதான் நபிகள் இன்னொரு விஷயமும் சொன்னாங்க. ராத்திரி எழுந்து தொழுதுகிட்டிருந்துட்டு அப்புறம் விட்டுட்ட ஒருத்தர் மாதிரி நீ ஆயிடாதேன்னு. இது புகாரியில இருக்கு.

அதாவது, எவ்வளவு தூக்கிக்கிறோம்ங்கிறதைவிட எவ்வளவு நாள் தூக்குறோம்ங்கிறதுதான் அங்கே கணக்கு. நபிகள் சில நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்து வணக்கம் செய்வாங்களான்னு ஆயிஷா (ரலி) அவங்ககிட்ட ஒருத்தர் கேட்டார். இல்லைன்னு சொல்லிட்டு, அவங்க அமல் 'தீமா' மாதிரின்னு சொன்னாங்க. தீமான்னா அரபியில, இடி மின்னல் ஆர்ப்பாட்டம் இல்லாம, விடாம, நிதானமாப் பெய்யுற மழை.

இது கல்வராயன் மலைக்குப் போனவங்களுக்குச் சட்டுனு புரியும். பெருநாள் லீவுக்கு நாலு பைக்கை எடுத்துக்கிட்டு வெள்ளிமலை ரோட்டுல பெரியார் அருவிக்குப் போற கோஷ்டி நம்மகிட்ட உண்டு. மலையில அடிச்சு ஊத்தின மறுநாள் போனா அருவி சும்மா அதிரும். கோடையில போங்க... பாறையைத்தான் பார்த்துட்டு வரணும். அதே மலைத் தண்ணி கச்சிராயபாளையம் பக்கத்துல கோமுகி அணையில சேருது. 46 அடி, 560 மில்லியன் கன அடி கொள்ளளவு. அருவி அளவுக்கு அங்கே செல்ஃபி மவுசு கிடையாது. ஆனா மழை விட்ட பிறகும் கீழே நெல்லுக்குத் தண்ணி போறது அந்த மதகு வழியாத்தான்.

இப்போ ஷவ்வாலுக்கு வருவோம். ரமலான் 30 நோன்பு, ஷவ்வால்ல 6 நோன்பு. ஒரு நன்மைக்குப் பத்துங்கிற கணக்குல 360. கிட்டத்தட்ட ஒரு வருஷம். இந்த ஆறையும் பெருநாள் மறுநாளே ஆரம்பிச்சுத் தொடர்ந்து வைக்கணும்னு கட்டாயம் இல்லை, மாசத்துக்குள்ள பிரிச்சு வைக்கலாம். திங்களும் வியாழனும் நபிகள் விரும்பி நோன்பு வைச்ச நாட்கள். வாரம் ரெண்டுன்னா மூணே வாரம்! 2025-ல் பெருநாள் மார்ச் 31, ஷவ்வால் ஏப்ரல் முழுக்க ஓடுச்சு. வெயிலும் செமஸ்டரும் ஒண்ணா வர்ற மாசம். முடியலைன்னா குற்றம் இல்லை, அது சுன்னத்து.

எனக்கு ஆகாதது எதுன்னா, ஆறு நோன்புக்கும் ஸ்டேட்டஸ் வைச்சுட்டு, பர்ளான லுஹரை கேன்டீன்ல விட்டுடுறது. லஞ்ச் பிரேக்ல பத்து நிமிஷம்தான் ஆகும். ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிச்சுக்க முடியும்னா, என் ஓட்டு அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான். கூட ஒருத்தனைச் சேர்த்துக்குங்க. அவனுக்குத் தோணாத அன்னிக்கு நீங்க இழுப்பீங்க, உங்களுக்குத் தோணாத அன்னிக்கு அவன் இழுப்பான். ரமலான்ல ஊர் செஞ்ச வேலையை மீதி பதினொரு மாசமும் ரெண்டு பேர் செய்யணும், அவ்வளவுதான்.

சிகரெட் கோஷ்டிக்கும் ஒண்ணு சொல்லணும். ஒரு மாசம், தினம் 13 மணி நேரம் தொடாம இருந்து காட்டிட்டீங்க. இப்போ காலேஜ் வாசல் பெட்டிக்கடையில நின்னு 'என்னால முடியாது மச்சான்'னா யார் நம்புவா?

தோழிகளுக்கு... மாதவிடாயால விட்டுப்போன நோன்புகளை நினைச்சுப் பதற வேண்டாம். ஆயிஷா (ரலி) அவங்களே தன் களா நோன்புகளை அடுத்த ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாசத்துலதான் வைச்சு முடிச்சதா சொல்லியிருக்காங்க. களாவை முதல்ல முடிக்கணுமா, ஆறு நோன்பை முதல்ல வைக்கலாமாங்கிறதுல அறிஞர்கள்கிட்ட கருத்து வேறுபாடு உண்டு. தெரிஞ்ச ஆலிமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

'அடுத்த ரமலான்ல பார்த்துக்கலாம்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். பிறைக் கணக்குல வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வர்றதால, 2030-ல் ஜனவரியில ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில இன்னொரு ரமலானும் ஆரம்பிக்கும். அதுக்குள்ள நீங்க காலேஜை முடிச்சிருப்பீங்க (அரியர் இல்லாட்டி!).

கடைசியா, நோன்பு வைக்காத நண்பர்களுக்கு. வர்ற வியாழக்கிழமை உங்க கிளாஸ்மேட் யாராவது டீ வேணாம்னு சொன்னா, 'அதான் நோன்பு முடிஞ்சிடுச்சே'ன்னு கலாய்க்காதீங்க. சாயங்காலம் ஆறரை வாக்கில பாங்கு சொல்ற நேரத்துக்கு ரெண்டு பேரீச்சம்பழத்தோட பக்கத்துல போய் உட்காருங்க. இந்தத் தடவை கஞ்சிக்கு வரிசை இருக்காது.