காலி!

ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில், பெரம்பலூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கண்ணில் படும். பக்கத்து ஸீட்காரர் உங்கள் தோளைத் தலையணையாக்கியிருந்தால் தவறவிட்டிருப்பீர்கள். 1751-ல் சந்தா சாகிப்போடு பிரெஞ்சுக்காரர்களும், முகமது அலியோடு ஆங்கிலேயர்களும் இந்த வட்டாரத்தில் மோதிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒரு சௌகரியம். எது ஆபத்து என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. பீரங்கியைப் பார்த்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதைய ஆபத்துகள் அப்படி முகத்தைக் காட்டுவதில்லை. ஹைவே ஓரத்து வெல்டிங் பட்டறை வாசலில், சாதுவாக, ஒரு தகர டிரம்மாக உட்கார்ந்திருக்கும்.

"அண்ணே, டிரம்முல ஏதாச்சும் இருக்கா?"

"காலிடா. நீ பத்த வை."

அந்த 'காலி'தான் வில்லன். பெட்ரோல் இருந்த டிரம்மில் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், ஆவி தீர்ந்திருக்காது. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ரொம்பி வழிகிற டிரம்மில் காற்றுக்கு இடமே இல்லை. 'காலி' டிரம்மில்தான் காற்றும் ஆவியும் ஜோடி சேர்ந்து காத்திருக்கின்றன. நிரம்பிய டிரம் பக்கத்தில் பீடியை அணைக்கிற அதே மனிதர், காலி டிரம் மேலேயே உட்கார்ந்து பற்ற வைக்கிறார். அவரை ஏமாற்றியது டிரம் இல்லை ஸார், வார்த்தை.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கர். படித்தது கெமிக்கல் இன்ஜினீயரிங். பிழைப்பு, தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில். மொழியியல் அவருக்கு ஓய்வு நேரப் பைத்தியம். தீப்பிடித்த இடங்களின் ரிப்போர்ட்டுகளைப் புரட்டியவருக்கு ஒன்று உறைத்தது. பொருளின் குணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு வைத்த பெயரும் சேர்ந்துதான் தீ வைக்கிறது. 'எம்ப்டி' என்று எழுதியிருந்தால் ஆட்களின் ஜாக்கிரதையும் எம்ப்டியாகிவிடுகிறது. வோர்ஃப் 1941-ல் இறந்துபோனார். வார்த்தை இன்னும் வேலை பார்க்கிறது.

அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நம் ஊரில் 'டிரம் காலி' என்றாலும் காலி, 'ஆள் காலி' என்றாலும் காலி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பொறிதான் வித்தியாசம். இவ்வளவு நேர்மையாக எச்சரிக்கிற வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு வார்த்தை 'மருந்து'. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பட்டாசுக்கு இடிப்பதும் மருந்து, பாறைக்கு வைப்பதும் மருந்து. தினம் கையில் புழங்குகிறவர்களுக்கு அது மருந்தாகவே ஆகிவிடுகிறது. ரஞ்சன்குடிக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூரில், விரகாலூர் பட்டாசு ஆலை 2023 அக்டோபர் 9-ம் தேதி வெடித்தது. ஒன்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கு ஒரு வார்த்தைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எமனுக்கு வைத்தியர் பெயரை வைத்துவிட்டால், அவர் உள்ளே வரும்போது நாம் நாற்காலியல்லவா எடுத்துப் போடுவோம்?

இங்கிலீஷும் யோக்கியம் இல்லை. டேங்கர் லாரி முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று அர்த்தம். ஆனால் அந்த மொழியில் 'இன்' என்று ஆரம்பித்தால் பல சமயம் 'இல்லை' என்று பொருள். ஆகவே 'பிடிக்காது' என்று யாராவது படித்துத் தொலைக்கப் போகிறார்களே என்று, அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களிலேயே 'இன்'னை வெட்டிவிடச் சொன்னார்கள். நம் டேங்கர்கள் இன்னும் அந்த வாலோடு ரஞ்சன்குடியைக் கடந்துகொண்டிருக்கின்றன.

சரி, படம் போட்டால்? அதிலும் வம்பு இருக்கிறது. சிவப்பு என்றால் ஃபாக்டரியில் 'நில்'. நமக்குச் சிவப்பு குங்குமம், மங்களம். மண்டையோடு போட்டால், அது கபாலீஸ்வரர் சமாசாரம். டிரான்ஸ்பார்மர் வேலி மண்டையோட்டுக்கு நேர் கீழே ஆட்டைக் கட்டிவிட்டுப் போகிறவரைக் குறை சொல்லாதீர்கள். படத்துக்கும் யாராவது அர்த்தம் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அறிவிப்புகள் பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்தக் காலத்துக்கு அது தமிழ். இன்று குவாரியிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா பையன்கள். "வெடி வைக்கப் போறோம், ஓடு!" என்று நாம் தொண்டை கிழியக் கத்தினால், அந்தப் பையன் 'நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள்' என்று கிட்டே வந்தால் என்ன செய்வீர்கள்?

எல்லா பாஷைக்காரருக்கும் புரிகிற ஒரு வாக்கியமும் உண்டு. "ஒண்ணும் ஆகாது." மேஸ்திரி சொல்வார், மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு. மீறி ஏதாவது ஆகிவிட்டால், "அவன் தலையெழுத்து." முன்னது யோசிக்க விடாது, பின்னது விசாரிக்க விடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கூலிக்காரன் உயிர் ஊசலாடுகிறது.

பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நடக்காத விபத்துக்கு வவுச்சர் கிடையாது. ஹெல்மெட் செலவு பேரேட்டில் தெரியும், பிழைத்த தலை தெரியாது. அதனால்தான் முதலாளிகளுக்குப் பாதுகாப்பு தண்டச் செலவாகத் தெரிகிறது. ஆனால் பெயரை மாற்றி எழுதக் காசே வேண்டாம். 'காலி டிரம்' என்பதை அழித்துவிட்டு, 'பெட்ரோல் இருந்த டிரம், உள்ளே ஆவி இருக்கிறது' என்று எழுதலாம். படிக்கிறவனுக்குத் தானாகக் கேள்வி வரும். கழுவியாச்சா? ஆவி போச்சா? தண்ணி ரொப்பியாச்சா?

பாட்டிகளுக்கு இந்த வித்தை அத்துப்படி. பாம்பை ராத்திரியில் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், 'பூச்சி' என்பார்கள். மூட நம்பிக்கை என்று சிரிக்கிறோம். ஆனால் பெயர் மாறினாலும் பயம் மாறாது. 'பூச்சி' என்றதும் வீடே காலைத் தூக்கிக்கொள்ளும், விளக்கைத் தேடும்.

நாம்தான் பெயரை மாற்றும்போது பயத்தையும் சேர்த்துக் காலி செய்துவிட்டோம்.