பெரியவங்க ஹேண்ட்போன் ஏன் ஊமையாச்சு?

அன்னதான வேலைக்குத் தவறாம வர்ற மூத்தவங்க சிலரை ஃபோன்ல பிடிக்கவே முடியலை. தோ பாயோவுல புளோக் புளோக்கா ஏறி விசாரிச்சோம். அம்பாள் புண்ணியத்துல உடம்புக்கு ஒன்றுமில்லை, ஹேண்ட்போன்தான் கோளாறு.

சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி போனது. 2024 நவம்பரிலிருந்து 3ஜியையும் நிறுத்தத் தொடங்கினார்கள். பழைய 4ஜி ஃபோன்கள் சில, பேசுறதுக்கு மட்டும் 3ஜியைத்தான் நம்பியிருந்தன. 4ஜியிலேயே பேசும் ‘வோல்ட்இ’ வசதி இல்லாவிட்டால் அழைப்பு போகாது. வாட்ஸ்அப்பில் சாமி படம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது!

புதுசு வேண்டாம்னு நாங்க சொல்லலை. ஆனா ஆங்கிலத்துல ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிட்டா கடமை முடிஞ்சதா? கடைக்குக் கூட்டிட்டுப் போனா, ஃபோனைச் சோதிக்காம புது பிளான் விக்கிறாங்க. அதுக்கு மட்டும் பொறுமை நிறைய இருக்கு. ராத்திரி மூச்சுத் திணறினா 995-ஐ அழைக்கவும் அந்த ஃபோன்தானே?

வர்ற வெள்ளி பூஜைக்கு வரும்போது வீட்டுப் பெரியவங்க ஃபோனையும் கொண்டு வாங்க. தொண்டூழியர்கள் நாங்க அர்ச்சனைச் சீட்டு முகப்புப் பக்கம் இருப்போம். ஒரு கால் போட்டுப் பார்த்துடலாம்.