நட்டு ஏறிடுச்சுன்னா சக்கரம் பொருந்திடுச்சா?

எங்க வீட்ல பழைய மாருதி 800 ஒண்ணு இருக்குது. 96 மாடல். தேங்கா மூட்டை, உரம், கல்யாண வீடு எல்லாத்துக்கும் அதுதான். போன மாசம் அக்கா பையன் கோயமுத்தூர் எடுத்துட்டுப் போய் அலாய் வீல் போட்டுக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினான். நாலு சக்கரமும் மட்கார்டைத் தாண்டித் துருத்திக்கிட்டு நின்னுது.

"ஆஃப்செட் எவ்வளவு மாப்ள?"

"தெரியல மாமா. 12 இன்ச்சு, 4 நட்டு, 114.3. கரெக்டா செட் ஆகும்னு கடையில சொன்னாங்க."

இந்த 'செட் ஆகும்'தான் எனக்கு ஆகாது. 114.3 மி.மீ. என்பது நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு. அது சரியாக இருந்தால் சக்கரம் மாட்டும், அவ்வளவுதான். எங்கே போய் நிற்கும் என்று சொல்வது ஆஃப்செட்.

ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பில் போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்மில் 'இ.டி.' என்று போட்டு மி.மீ. கணக்கில் ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். கணக்குக்கு வெச்சுக்குவோம்: பழைய ரிம் 40, புதுசு 20. 20 மி.மீ. வெளியே வந்தாச்சு. புது ரிம் 1 இன்ச் அகலம் கூட என்றால், அதில் பாதி 12.7 மி.மீ. வெளிப்பக்கம் சேரும். மொத்தம் 32.7. ஒண்ணேகால் இன்ச்சுக்கு மேல!

இது விவசாயிக்குப் புது விஷயம் இல்லை. டிராக்டர் பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டி, பார் அகலத்துக்குத் தக்கபடி தடத்தைக் கூட்டிக் குறைப்போம். "அப்ப காருக்கு மட்டும் என்ன?" என்று கேட்பீர்கள். டிராக்டர் அச்சை அதற்கென்றே செஞ்சிருக்கான், எந்த அகலம் எப்படி மாட்டணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கான். இந்தக் குட்டிக் காரின் பேரிங்குக்கு அந்தத் தயாரிப்பு இல்லை. கடப்பாரையை நுனியில் பிடித்து அழுத்தினால் கல் சுலபமாகப் புரளுமே, அதே கணக்குதான். சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கை நெம்புகிற பலம் கூடும்.

ரெண்டு வாரத்துல ரெண்டும் பார்த்தாச்சு. பின்னாடி அக்காவும் நாலு தேங்கா மூட்டையும் ஏறினதும் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவிடுச்சு. இன்னொரு நாள் வாய்க்கால் மேட்டு வளைவுல இடது முன்சக்கரம் குழியில இறங்குச்சு. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. சக்கரம் தன் திரும்புகிற அச்சை விட்டு விலகி நின்றால் குழியின் அடி நேரா கைக்குத்தான் வரும். அந்தப் பக்கம் பத்தடி பள்ளம்.

அலாய் வீலே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆஃப்செட்டும் அகலமும் கம்பெனி ரிம்முக்குப் பக்கத்துல இருந்தா தாராளமா போடுங்க. ஆனா எண்ணைக் கேட்டா முழிக்கிற கடையில காசு கொடுக்காதீங்க. "ஸ்பேசர் போட்டுச் சரி பண்ணிடலாம் சார்"னு சொன்னாலும் ஏமாறாதீங்க. ஸ்பேசர் சக்கரத்தை இன்னும் வெளியேதான் தள்ளும்.

எண் அழிஞ்சு போச்சா? ரிம்மைக் குப்புறப் படுக்க வெச்சு, முதுகு மேல ஒரு நேர் கட்டையை வையுங்க. கட்டையிலிருந்து ஹப் உட்காரும் முகம் வரைக்கும் ஆழத்தை அளந்து, ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு மொத்த அகலத்தில் பாதியைக் கழியுங்க. மிச்சம்தான் ஆஃப்செட். பழைய ரிம்மையும் இதே மாதிரி அளந்து பக்கத்துல எழுதிப் பாருங்க. ஒரு டீ குடிக்கிற நேரம்.

பழைய இரும்பு ரிம்மை நானே மாட்டிட்டேன். அலாய் நாலும் மாட்டுக் கொட்டகைச் சுவத்துல சாஞ்சு நிக்குது. மாப்ளைக்கு ரெண்டு நாள் என் மேல கோபம். மூணாம் நாள், டேப்பு எங்கே இருக்குன்னு கேட்டான்.