நீந்தத் தெரியாத ஆற்றங்கரை

பவானியைப் பற்றி எழுத உட்காரும் எவரும் அதன் அழகில்தான் தொடங்குவார்கள். நாங்களும் பலமுறை அப்படித்தான் எழுதியிருக்கிறோம். நீலமலையில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறந்தகத்துக்குத் திரும்பும் பெண்போல மீண்டும் தமிழகத்துக்கு வந்து, பில்லூரில் தேங்கி, மேட்டுப்பாளையத்தைத் தொட்டுக்கொண்டு சிறுமுகை வழியே பவானிசாகருக்குச் செல்கிறது அந்த ஆறு. ஏறத்தாழ 217 கிலோமீட்டர் நடந்து கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. பாடுவதற்கு ஏற்ற ஆறுதான். ஆனால் கரையில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு பவானியையும் தெரியும். கோடை விடுமுறையிலும், ஆடிப்பெருக்கிலும், வனபத்ரகாளியம்மன் கோயிலில் கெடா வெட்டிச் சமைத்துண்ட பிற்பகல்களிலும் ஆள் விழுங்கும் பவானி அது. மறுநாள் செய்தித்தாளின் உட்பக்கத்தில் நான்கு வரி வரும். பெயர், வயது, ஊர், உடல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. நாம் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான் இப்போது எழுத விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் நீச்சலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். வேலை இருக்கிறது.

முதலில் இந்த ஆற்றின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும். மழையின் சுவடே இராது. மலையில் பெய்த மழைக்காகவோ மின்னுற்பத்திக்காகவோ பில்லூரில் நீர் திறக்கப்பட்டால், முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்த ஆறு சிறிது நேரத்தில் ஆளை இழுக்கும் அளவுக்கு உயர்ந்துவிடும். பாறையிடுக்கும் சுழலும் சேறும் மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியா. உள்ளூர்க்காரனுக்கு இது ஓரளவு தெரியும். திருப்பூரிலிருந்தோ கோவையிலிருந்தோ வண்டி பிடித்து வந்து இறங்குகிற இளைஞனுக்குத் தெரியாது. அவனுக்கு நீந்தவும் தெரியாது. இரண்டு அறியாமைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது ஓர் உயிர் போகிறது. ஒருவன் மூழ்க, அவனைக் காப்பாற்றக் குதித்த நண்பனும் மூழ்கினான் என்ற செய்தி நமக்குப் பழகிப்போன செய்தி.

இதற்கு நம்முடைய விடை என்னவாக இருந்து வந்திருக்கிறது? 'ஆழமான பகுதி, இறங்காதீர்' என்ற பலகை. 2023இல் கோவை மாவட்டக் காவல்துறை மேட்டுப்பாளையத்தில் ஆற்றங்கரைக்கென்றே உயிர்காப்புக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. அது பலகையைவிடப் பல மடங்கு மேலான செயல்; மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் எத்தனை துறையில், எத்தனை நேரம், எத்தனை பேரால் காவல் நிற்க முடியும்? ஆறு நீளமானது. காவலர்கள் கைவிரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கரையில் வாழும் மக்களுக்கே நீரைப் பற்றிய கல்வி வேண்டும். அந்தக் கல்வியை ஊரே சேர்ந்து, சிறுவரும் பெரியவரும் ஒன்றாக இறங்கி, ஒரு நீச்சல் குழாமாகப் பெற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இது புதிய கருத்தன்று. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவரின் பாடல் ஒன்று உண்டு, 243ஆவது. கோலூன்றி நடுங்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணிப் பார்க்கிறார். அவர் நினைவுக்கு வருவது போர்க்களமோ பரிசிலோ அன்று. நீர்த்துறையில் படிந்த மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க ஆழ மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்ததுதான். அந்தக் காலத்தில் இளமை என்பதற்கே அதுதான் இலக்கணமாக இருந்திருக்கிறது. அதே இலக்கியத்தில்தான் ஆதிமந்தியும் இருக்கிறாள். புனல் விழாவில் காவிரி இழுத்துச் சென்ற ஆட்டனத்தியைத் தேடிக் கரையெல்லாம் அழுதுகொண்டே ஓடிய பெண் அவள். நீரின் களிப்பையும் நீரின் கொடுமையையும் ஒருசேர அறிந்திருந்தவர்கள் நம் முன்னோர். நாமோ இரண்டையும் மறந்துவிட்டு, செல்பேசியோடு பாறைமீது நிற்கிறோம்.

கொங்கு நாட்டில் நீச்சல் ஆற்றில் மட்டும் வளர்ந்ததில்லை. அது வளர்ந்த இடம் கிணறு. கவலை இறைத்த காலத்திலும், பிறகு மோட்டார் வந்த காலத்திலும், தோட்டத்துக் கிணறுதான் சிறுவர்களின் பள்ளி. இடுப்பில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, அல்லது வாழைத்தண்டைப் பிடிக்க வைத்து, மாமனோ அப்புச்சியோ படிக்கட்டில் நின்றுகொண்டு, "தண்ணி உன்னைத் தூக்கும் கண்ணு, கையை மட்டும் அடி" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். பிந்திய நாட்களில் லாரி டியூபும் பிளாஸ்டிக் கேனும் சுரைப்புருடையின் இடத்தைப் பிடித்தன. ஒரு கோடை விடுமுறைக்குள் பையன் முங்கு நீச்சலும் மல்லாக்க நீச்சலும் பழகிவிடுவான். கற்பித்தவருக்குச் சம்பளம் இல்லை. கற்றவனுக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. பெரியவர் ஒருவர் மேலே நிற்காமல் சிறுவர் இறங்கக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். எங்களுள் சிலர் அப்படிக் கற்றவர்கள்தாம். மற்றவர்கள் இன்றளவும் 'கடப்பாரை நீச்சல்' வல்லுநர்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு ஆழ்குழாய் வந்தது. நிலத்தடி நீர் இறங்க இறங்கத் திறந்த கிணறுகள் வற்றின; சில தூர்ந்தன, சில குப்பைக் குழிகளாயின. நாம் நீரை இழந்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த நீரோடு ஒரு கல்வியையும் சேர்த்து இழந்ததைப் பற்றிப் பேசவில்லை. கிணற்றில் கற்ற தலைமுறைக்கு இப்போது நரை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காவின் செயற்கை அலையில் இடுப்பளவு நீரில் குதிக்கிறார்கள். நீர் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டு பவானியில் இறங்குகிறார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. கிணற்றுப் பள்ளி எல்லார்க்கும் திறந்திருந்த பள்ளியன்று. யாருடைய கிணற்றில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒரு குழந்தையின் உடல் பட்டால் நீர் தீட்டாகும் என்று நம்பிய ஊர்கள் இவை. 1927இல் மகாடின் சவதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிக் குடிப்பதற்கே பெரும் போராட்டம் வேண்டியிருந்தது. குடிநீருக்கே அந்த நிலை என்றால் குளித்துக் களிக்கும் நீருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளோ வயதுக்கு வந்த அன்றே கிணற்றுக்கு விடை கொடுத்தார்கள். துணி துவைக்கவும் நீர் முகக்கவும் வாழ்நாள் முழுதும் நீரோரத்தில் நின்றவர்களுக்குத்தான் நீந்தத் தெரியாமல் போயிற்று. ஆகவே பழைய கிணற்றை அப்படியே மீட்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே நீரில் இறங்கும் பொது ஏற்பாடு ஒன்றைக் கேட்கிறோம்.

அண்டை மாநிலத்தில் இது நடக்கிறது. 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு கவிழ்ந்து 18 பேர் மாண்டார்கள். அவர்களில் 15 பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதே பெரியாற்றில், ஆலுவாவில், சஜி வாளாசேரில் என்பவர் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றி நீச்சல் கற்பித்து வருகிறார். சிறுவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஆயிரக்கணக்கானோர் அவரிடம் கற்றிருக்கிறார்கள். கற்றவர்கள் ஆற்றை நீந்திக் கடப்பதை ஊரே கரையில் நின்று பார்க்கிறது. வங்கதேசத்தில் சிற்றூர்க் குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுநர்களாக்கிக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறார்கள். பளிங்குத் தரையும் நீல ஓடும் பதித்த குளம் இருந்தால்தான் நீச்சல் என்பது நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ளும் சாக்கு.

இது சிறிய சிக்கலும் அன்று. 2022இல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. உலக அளவில் 2021இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. 2021இல் ஐ.நா. பொதுப்பேரவை இதற்கெனவே தீர்மானம் இயற்றி, ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது, கரையில் இருப்போர்க்கு மீட்புப் பயிற்சி அளிப்பது ஆகியவை அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் முதன்மையானவை. ஜூலை 25க்குச் சில நாட்களுக்குப் பின்தான் நமக்கு ஆடிப்பெருக்கு வருகிறது என்பதையும் நினைவில் கொள்வோம்.

கொங்கு மண் வீரர்களுக்குப் பஞ்சமான மண்ணுமன்று. ஈரோட்டுக் குற்றாலீசுவரன் 1994இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தியபோது அவருக்கு வயது 12. நாடே அவரைக் கொண்டாடியது. 1996இல் அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஆனால் ஒரு குற்றாலீசுவரனைக் கொண்டாடிய நாம் அவருடைய வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு வாய்க்காலையாவது நீந்தச் செய்யவில்லை. வீரனைப் பார்த்துக் கைதட்டுவது எளிது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முதுகைத் தாங்கி மிதக்கச் சொல்லித் தருவது கடினம்.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. பயிற்சி ஆற்றில் தொடங்கக்கூடாது. அணைநீர் எப்போது வரும் என்று தெரியாத ஆறு கற்பவனுக்கு உரிய இடமன்று. படிக்கட்டும் வற்றாத நீரும் உள்ள தோட்டத்துக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. உரிமையாளர் ஒப்பினால், கயிறும் மிதவையும் கட்டி அங்கே தொடங்கலாம். காலையில் பிள்ளைகள், மாலையில் பெரியவர்கள், பெண்களுக்குத் தனிப்பொழுது. கிணற்றில் கற்ற நரைத்தலைகள் ஆசிரியர்களாகட்டும். ஆற்றை அறிந்த மீனவர்களும் உயிர்காப்புக் குழுவினரும் துணை நிற்கட்டும். மிதக்கக் கற்றபின் ஆற்றைப் படிக்கக் கற்பிக்க வேண்டும். நீர் கலங்கினால் என்ன பொருள், எப்போது கரையேற வேண்டும், மூழ்குபவனை நோக்கிக் குதிக்காமல் கயிற்றையோ சேலையையோ கழியையோ நீட்டுவது எப்படி, கரைசேர்த்தவனுக்கு மூச்சை மீட்பது எப்படி என்பனவெல்லாம் பாடங்கள்.

நீந்தத் தெரிந்தவனும் மூழ்குகிறானே, கற்பித்தால் துணிச்சல்தானே பெருகும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அரைகுறையாகக் கற்றவனுக்குத் துணிச்சல் பெருகும் என்பது உண்மை. முறையாகக் கற்றவன் முதலில் கற்பது தன் எல்லையை. கிணற்றுப் படிக்கட்டில் நின்ற அப்புச்சி கற்பித்த முதல் பாடமும் 'எப்போது இறங்கக்கூடாது' என்பதுதான். கற்பிக்காததால் இறங்காமலா இருக்கிறார்கள்? பலகைக்குக் கீழேதான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள்.

ஐம்பது வயதில் பிள்ளைகளுக்கு நடுவே கால்சட்டையோடு நின்று நீச்சல் பழகுவதற்குக் கூச்சமாக இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்களுள் கடப்பாரை நீச்சல்காரர்கள் முதலில் இறங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். தொடித்தலை விழுத்தண்டினாரின் முதியவர் இழந்த இளமைக்காக இரங்கினார். நம் பிள்ளைகள் முதுமையடையும்போது இரங்குவதற்கேனும் அப்படியோர் இளமை அவர்களுக்கு வாய்க்க வேண்டும். அதற்கு அவர்கள் முதலில் முதுமைவரை வாழ வேண்டும்.