"எந்த சிம் நல்லம்?" என்று கேட்கிறவர்களுக்கு

அன்பின் ஊர் மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். மாதா மாதம் உங்கள் கையிலிருந்து போகும் காசைப் பற்றியது.

பெற்றோர் கூட்டம் முடிந்தால் ஆசிரியர்களான எங்களிடம் பிள்ளையின் கணித மார்க்ஸைப் பற்றிக் கேட்பவர்களை விட, "சேர், எந்த சிம் நல்லம்? எந்த பெக்கேஜ் லாபம்?" என்று கேட்பவர்கள்தான் இப்போது கூட. வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது. கடந்த கால வினாத்தாள் பி.டி.எஃப்பில் வருகிறது. சவூதியிலும் கட்டாரிலும் இருக்கும் வாப்பாமாரின் முகம் இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சின்னத் திரையில்தான் வருகிறது. அரிசி, பருப்புக்குப் பக்கத்தில் டேட்டாவும் வீட்டுச் செலவில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: உங்கள் வீடு எங்கே, எந்த நேரத்தில் பாவிக்கிறீர்கள், எதற்குப் பாவிக்கிறீர்கள்? இந்த மூன்றையும் கேட்காமல் "இதுதான் நல்லம்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்குப் புத்தி சொல்லவில்லை, விளம்பரம் செய்கிறார்.

விளம்பரத்தில் எழுதியிருக்கும் ஜீபி சரக்கு அல்ல. உங்கள் வீட்டுக்குள், உங்கள் பிள்ளை படிக்கும் நேரத்தில் வேலை செய்யும் ஜீபி மட்டும்தான் சரக்கு. மிச்சமெல்லாம் காகிதத்தில் உள்ள எண்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1000 ரூபாவுக்கு 40 ஜீபி, 30 நாள் என்று ஒரு பெக்கேஜ். கேட்டால் ஒரு ஜீபி 25 ரூபா. ஆனால் அதில் 25 ஜீபி நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு மட்டும். பகலுக்குக் கிடைப்பது 15. வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் மாத முடிவில் பாவித்திருப்பது 10. மீதி காலாவதி. அப்படியென்றால் நீங்கள் ஒரு ஜீபிக்குக் கொடுத்த விலை 25 அல்ல, 100 ரூபா. பக்கத்தில் இன்னொரு பெக்கேஜ்: 1200 ரூபாவுக்கு எந்த நேரமும் பாவிக்கக்கூடிய 20 ஜீபி. சிக்னல் நல்லதால் 15 பாவிக்க முடிகிறது. ஒரு ஜீபி 80 ரூபா. கடையில் எல்லோரும் முதலாவதைத்தான் "லாபம்" என்பார்கள். கணக்கோ இரண்டாவதுதான் லாபம் என்கிறது.

தரம் ஐந்து பிள்ளைக்கு நள்ளிரவு டேட்டா எதற்கு? புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை இரவு இரண்டு மணிக்கு எழுப்பி வீடியோ பார்க்கச் சொல்வதா? நெட்வேர்க் சும்மா கிடக்கும் நேரத்தை எங்களிடம் தள்ளிவிட்டு, அதையும் மொத்த ஜீபியில் கூட்டிப் பெரிய எழுத்தில் போடுவது நேர்மையான கணக்கு அல்ல. பிளாஸ்டிக் வாளியின் பாரத்தையும் சேர்த்து நிறுத்துச் சீனி விற்பது போன்றது அது.

நிறுவை என்றதும் ஒரு விஷயம். எங்கள் ஊர்ச் சில்லறைக் கடையின் தராசுக்குக் கூட அரசாங்கத்தின் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத தராசில் நிறுத்து விற்றால் கடைக்காரர் மீது வழக்குப் போடலாம். ஒரு கிலோ வெங்காயத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் டேட்டா எங்கள் வீட்டு வாசலில் எந்த வேகத்தில் வரும் என்று பெக்கேஜ் அட்டையில் ஒரு வரி இருக்கிறதா?

எங்கள் ஊரின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். பிரதான வீதியில் நின்றால் நாலு கோடு சிக்னல். பள்ளிக்குப் பின்னால் இறங்கினால் இரண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம், றப்பர் தோட்ட எல்லையில் இருக்கும் வீடுகளில் ஜன்னல் விளிம்பில் போனை வைத்தால்தான் ஒன்று. மலை நடுவில் நின்றால் அலை மறைந்து போகும். தகரக் கூரையும் கொங்கிறீட் சிலாப்பும் இன்னும் குறைக்கும். குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். கூடிய அலைவரிசை வேகம் தரும், ஆனால் தூரம் போகாது. அதனால்தான் ஒரு கம்பனி சந்தியில் ராஜாவாகவும் மேட்டு வீடுகளில் செத்த நெட்வேர்க்காகவும் இருக்கிறது. இன்னொன்று, ஒரு டவரின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லோரும்தான் பங்கு போடுகிறார்கள். இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை ஊரே யூடியூபில் இருந்தால், நாலு கோடு காட்டினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதன் விளைவு, ஒரே போனில் இரண்டு சிம். கோலுக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று. இரண்டையும் உயிரோடு வைத்திருக்க இரண்டுக்கும் ரீலோட். இதை "வசதி" என்கிறோம். உண்மையில் இது சிக்னல் இல்லாத ஊர்க்காரர் கட்டும் இரண்டாவது வரி.

முதலாவது வரி எல்லோருக்கும் பொது. 2022 செப்டம்பரில் மொபைல் கட்டணங்கள் 20 வீதம் கூடின. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அழைப்புகளுக்குத் தொலைத்தொடர்பு வரி வேறு. விளம்பரத்தில் பெரிதாக ஒரு தொகை, அதன் கீழே எறும்பு எழுத்தில் "வரிகள் நீங்கலாக". போஸ்ட்பெயிட் எடுக்கிறவர்கள் வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு, முதல் பில் வரும்போது தலையில் கை வைக்கிறார்கள்.

ஆக அநியாயம் நடப்பது ஏழை வீட்டுக்குத்தான். ஒரே தடவையில் 1000 ரூபா வைத்து மாதப் பெக்கேஜ் போட முடியாதவர், ஒரு நாளைக்கு 50 ரூபா என்று போடுகிறார். முப்பது நாளில் 1500. காசு இல்லாத நாளில் கம்பனியிடமே கடன் ரீலோட் எடுத்தால் அதற்கும் சேவைக் கட்டணம். பணம் உள்ளவர் 1000க்கு வாங்கும் அதே சாமானை, இல்லாதவர் அதை விடக் கூடிய விலைக்கு வாங்குகிறார். கூலி வேலைக்குப் போகும் ஒரு வாப்பாவின் பிள்ளை எங்கள் வகுப்பில் "டேட்டா முடிஞ்சி சேர்" என்று சொல்லும்போது, அது சாக்குப்போக்கு அல்ல என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

"வியாபாரம் என்றால் அப்படித்தான், பிடிக்காவிட்டால் வேறு கம்பனிக்குப் போ" என்று சிலர் சொல்வார்கள். எத்தனை கம்பனி இருக்கிறது? ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஐந்து மொபைல் கம்பனிகள் இருந்தன. 2018இல் எடிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. மிஞ்சியது மூன்று. மலைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் ஒழுங்காக எடுக்கும் என்றால், அங்கே போட்டியும் இல்லை, தெரிவும் இல்லை. வேறு கடைக்குப் போ என்று சொல்வதற்கு முதலில் வேறு கடை இருக்க வேண்டும்.

அதோடு இது சாதாரண வியாபாரமும் அல்ல. வானத்தில் போகும் அலைவரிசை பொதுச் சொத்து. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றுத்தான் அதைப் பாவிக்கிறார்கள். மேற்பார்வை செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. 2010இல் கம்பனிகள் விலையை வெட்டி வெட்டி அடித்துக்கொண்டபோது, அதே ஆணைக்குழு தலையிட்டு அழைப்புகளுக்கு அடிமட்ட விலை ஒன்றை நிர்ணயித்தது. அதற்குக் கீழே விற்கக் கூடாது என்றது. கம்பனிகளைக் காப்பாற்ற அடிமட்ட விலை வைக்க முடிந்தது. பாவனையாளரைக் காப்பாற்ற அடிமட்டச் சேவை ஒன்றை எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவர ஏன் முடியாது? நாங்கள் கேட்பது இதைத்தான்.

கொரோனா முடக்கத்தின்போது, 2021இல், பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து பாறை மேல் ஏறி ஒன்லைன் வகுப்பு நடத்திய படங்களை உலகமே பார்த்தது. எல்லோரும் பகிர்ந்தோம், பரிதாபப்பட்டோம். பிறகு பாடசாலைகள் திறந்தன, பேச்சும் நின்றது. ஆனால் வட்ஸ்அப் வீட்டுப்பாடம் நிற்கவில்லை. பாறை ஏறாத குறைதான், எங்கள் ஊரிலும் பிள்ளைகள் சந்தியின் மதில் மேல் உட்கார்ந்து பாடம் டவுன்லோட் பண்ணுகிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகளை அங்கே அனுப்ப முடியாத பெற்றோர் என்ன செய்வது?

கம்பனிகளை மட்டும் ஏசிவிட்டுப் போக முடியாது. ஊருக்கும் ஒரு வார்த்தை. டவர் ஒன்று வரப்போகிறது என்றால் "கதிர்வீச்சு, புற்றுநோய்" என்று மனு எழுதிக் கையெழுத்துச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த நாளே "கவரேஜ் இல்லை" என்று கத்துகிறவர்களும் அவர்கள்தான். சர்வதேச வரம்புகளுக்குள் இயங்கும் டவரின் அலையால் நோய் வருவதாக நிரூபணம் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் டவரும் வேண்டாம், சிக்னலும் வேண்டும் என்றால், நட்டம் மேட்டு வீட்டுப் பிள்ளைக்கு.

சரி, என்ன செய்யலாம்? பேசிவிட்டுக் கலைகிற பழக்கம் போதும். இதோ செய்யக்கூடியவை:

1. பெக்கேஜ் வாங்க முன்னர் சிக்னலை அளவுங்கள். மூன்று கம்பனி சிம்மும் உறவுக்காரர், அயலவர் யாரிடமாவது இருக்கும். வீட்டுக்குள், பிள்ளை படிக்கும் மேசையில், இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். அன்ட்ரொயிட் போன்களில் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்று இருக்கும். அங்கே சிக்னல் ஒரு மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜீயில் மைனஸ் 90 அளவில் இருந்தால் நல்லம். மைனஸ் 110ஐத் தாண்டினால் அந்த சிம்மில் எத்தனை ஜீபி இலவசமாகத் தந்தாலும் பிரயோசனமில்லை.

2. போஸ்ட்பெயிட் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர், அதே கம்பனியின் பிரீபெயிட் சிம்மை ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள். பிறகு நாலு கேள்வி கேளுங்கள்: வரியோடு மொத்தம் எவ்வளவு? எந்த நேரமும் பாவிக்கும் ஜீபி எவ்வளவு? முடிந்த பிறகு வேகம் குறையுமா, காசு வெட்டுமா? இடையில் விட்டால் ஏதாவது கட்ட வேண்டுமா? வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

3. கேட்காமலே சேர்ந்திருக்கும் ராசிபலன், ரிங்டோன், செய்தி அலேர்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முக்கியமாக வீட்டிலுள்ள உம்மம்மா, அப்பாமாரின் போன்களைப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சில ரூபா என்று சத்தமில்லாமல் போகும் காசு அங்கேதான்.

4. முறைப்பாட்டைத் தனியாகச் செய்யாதீர்கள். "டவர் வேலை நடக்குது" என்று ஒருவருக்குச் சொல்லி அனுப்பலாம், நூறு வீட்டுக்குச் சொல்ல முடியாது. பள்ளி நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், தோட்டத்துச் சகோதரர்கள், பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் சங்கம் எல்லோரும் சேர்ந்து இடம் இடமாக அளந்த ஒரு பட்டியல் தயாரிப்போம். சிக்னலுக்கு இனம் மதம் தெரியாது. முதலில் கம்பனிக்கு எழுதி முறைப்பாட்டு இலக்கம் எடுப்போம். பதில் இல்லாவிட்டால் ஆணைக்குழுவுக்கு. அவர்களின் தொலைபேசி 1900.

5. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், எங்கள் கையில் இருக்கிறது. எங்கள் கிராம சேவகர் பிரிவுக்கு டவர் திட்டம் ஏதாவது உண்டா, யார் விண்ணப்பித்தார், ஏன் தாமதம் என்று ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி சொல்ல வேண்டும்.

6. இது ஆசிரிய நண்பர்களுக்கு. எழுத்தில் நாலு வரியில் சொல்லக்கூடியதை ஐந்து நிமிட வீடியோவாகப் போடாதீர்கள். ஒவ்வொரு எம்பியும் யாரோ ஒரு வாப்பாவின் நாட்கூலியிலிருந்து போகிறது. ஒன்லைனில் அனுப்பும் எதையும் அடுத்த நாள் வகுப்பறையில் கரும்பலகையிலும் எழுதுவோம்.

கம்பனிகள் மூடப்பட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலீடு போட்டவர் லாபம் எடுக்கட்டும். ஆனால் கிலோ என்று சொன்னால் கிலோ இருக்க வேண்டும். மாதம் முப்பது நாள் சேவை என்று காசு வாங்கினால், ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் முப்பது நாள் சேவை இருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, சிக்னல் அளப்பதற்கு முன்வரும் இளைஞர்கள் பாடசாலைக்கு வாருங்கள். பெண்கள் தரப்பில் ஆசிரியைமார் பெயர் எடுப்பார்கள். கீழே கருத்துப் பகுதியில் உங்கள் வீதியின் பெயர், எந்தக் கம்பனி, இரவு எட்டு மணிக்கு எத்தனை கோடு என்று மட்டும் எழுதுங்கள். ஏச்சு வேண்டாம், கணக்கு போதும். கணக்கோடு போனால்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காது கொடுப்பார்.

பிரயோசனமென்றால் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.