வீட்டு ஒலிப்பதிவில் முதற்செலவு

கரையாம்புத்தூர் போன்ற சிற்றூரில் ஹார்மோனியமும் மிருதங்கமும் பழகிய ஓர் இளைஞர், தம் கானத்தை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்பட்டால், கையிலுள்ள பணத்தை முதலில் விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கிலேயே கொட்டிவிடுகிறார். இது அவசரம் என்பதே என் அபிப்பிராயம். பெரும்பாலும் 48 வோல்ட் அளிக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இன்றி இயங்காத அந்த நுட்பமான சாதனம், அந்த நுட்பத்தினாலேயே, மின்விசிறியின் இரைச்சல், தெருவில் போகும் டிராக்டரின் உறுமல், வெறுஞ்சுவரின் எதிரொலி ஆகிய சகலத்தையும் பாட்டோடு சேர்த்துப் பதிந்துவிடுகிறது. வாயருகே வைத்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக்கோ தூரத்து ஓசைகளை அவ்வளவாக லட்சியம் செய்வதில்லை. ஆதலால், பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு (வியர்வையைக் கலைக்குச் செலுத்தும் வரியாகக் கொள்க!) பாடுவதே உத்தமம்.

மென்பொருளுக்கோ தொடக்கத்தில் காசே வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆடாசிட்டி இன்றும் இலவசமே.

கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஒலிக்கூடத்திலிருந்துதான் 1992-இல் 'ரோஜா' பிறந்தது. அவர் கருவிகளில் குறைவைத்தவர் அல்லரே என்பார் உண்டு. வாஸ்தவம், ஆயினும் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் பிறரிடம் கீபோர்டு வாசித்துச் செவியைப் பழக்கியவர் அவர்.

எதையும் வாங்குமுன், கையிலுள்ள போனிலேயே ஒரு பாட்டைப் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். அறையின் குறை அதிலேயே தெரிந்துவிடும்.