கும்பகர்ணனுக்கு வந்த மெமோ

திருவொற்றியூரில் கன்டெய்னர் கணக்கு பார்க்கிற ஆபீஸில் நண்பர் ஒருவர். வயசு 29. ஆபீஸில் வைத்த பேர் கும்பகர்ணன். பதினோரு மணிக்கெல்லாம் தலை ஃபைல் மேல் சாய்ந்துவிடும். டி.ஹெச். ரோட்டுத் தாரே உருகுகிற மே மாசத்தில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லி சண்டை போடுவார். ஆறு மாசத்தில் எட்டு கிலோ ஏறியது. குரல் கரகர. மேனேஜர் மெமோ கொடுத்தார். பதினைந்து நாளில் இன்னொன்று.

'பீர் தொப்பைடா' என்றோம். பாவம், அவர் பன்னீர் சோடா தாண்டாத ஆசாமி.

ஒரு லீவு நாளில் ஸ்டான்லிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கினார். டாக்டர் எச்சில் முழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.ஹெச். 68. ஏறக்குறைய 4க்குள் இருக்க வேண்டிய சமாசாரம்.

"அப்ப தைராய்டு ஓவரா வேலை செய்யுதா சார்?"

"இல்லப்பா. டி.எஸ்.ஹெச்.ங்கறது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி அனுப்புற மெமோ. கீழே வேலை நடக்கலைன்னா மெமோ குவியும்."

நண்பருக்கு உடனே புரிந்துவிட்டது.

தினமும் காசிமேட்டு மீன் சாப்பிடுகிறவனுக்கு அயோடின் குறையுமா என்று கேட்டிருக்கிறார். இது அந்தக் கணக்கே இல்லையாம். உடம்பின் வாட்ச்மேனே சொந்த ஸ்டாஃபைத் திருடன் என்று நினைத்து அடிப்பது. ஆன்ட்டி டி.பி.ஓ. டெஸ்ட்டில் அடித்தவன் அடையாளம் தெரியும். 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து எழுதினார். அடிப்பது சொந்த வாட்ச்மேன்தான் என்று லண்டனில் கண்டுபிடித்தது 1956-ல். அதற்குள் ஹஷிமோட்டோ காலமாகி 22 வருஷம்.

பெண்களுக்குத்தான் அதிகம், நிஜம். அதற்காக மீசை வைத்தவர்களை விட்டுவிடுவதில்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான சர்வேயில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சோம்பல்.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை. ஆறு, எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம். நண்பர் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்.

அப்போதுதான் பெண் பார்த்தார்கள்.

"மாத்திரை விஷயம் வெளிய தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்டா" என்றார் அம்மா. இவரும் பாட்டிலைப் பரண் மேல் போட்டுவிட்டார். மூன்றே மாசம். முகம் பன் மாதிரி உப்பி, மறுபடி ஃபைல் மேல் தலை. மூன்றாவது மெமோ வந்தால் வேலை காலி.

பயந்துபோய் டாக்டரிடம் ஓடினார். இரண்டு விதமான டோஸும் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலில் அந்தப் பெண்ணிடம் எச்சில் முழுங்கி முழுங்கிச் சொல்லிவிட்டார்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கம்மா பன்னெண்டு வருஷமா அதைத்தான் போடறாங்க. நீங்க மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுக் காபி குடிப்பீங்க?"

"மாத்திரையை முழுங்கறதே காபியிலதான்."

"நல்லா இருக்கு! அரை மணி, முக்கா மணி நேரம் சும்மா இருக்கணும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைன்னா நாலு மணி நேரம் தள்ளி."

கல்யாணமாகி எட்டு மாசம். டி.எஸ்.ஹெச். 2.6. ஏழு மணிக்கு முன்னால் காபி டபரா கண்ணிலேயே படுவதில்லையாம்.

இப்போது ஆபீஸில் பதினோரு மணிக்குத் தூங்குவது நான். மேனேஜர் பார்க்கிற பார்வை சரியில்லை. நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன்.